போர்ஷே 944 டர்போ: வீட்டு கராஜில் 220-லிருந்து 250 குதிரைத்திறனுக்கு

போர்ஷே 944 டர்போவின் பானெட்டைத் திறப்பவர்கள் முதலில் டர்போவைத் தேடுவார்கள். கண்ணில் படாது. எக்ஸாஸ்ட் வெளியேறுவது எஞ்சினின் வலப்பக்கம். டர்போ உட்கார்ந்திருப்பது இடப்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். எஞ்சினுக்குக் கீழே குறுக்காக ஓடும் ஒரு குழாய்தான் இரண்டையும் சேர்க்கிறது. அந்த இடத்தில் கை நுழைவதே பெரும்பாடு. அதனால் இந்தக் காரில் எந்த வேலையை முதலில் செய்கிறோம், எதை அப்புறம் செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வரிசை தவறினால் ஒரே மேனிஃபோல்டை மூன்று முறை கழற்ற வேண்டியிருக்கும். இன்னும் மோசமாகத் தவறினால் எஞ்சினே போய்விடும்.

நான் ஜெர்மனியில் ஹைல்பிரோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 944 கார்களைக் கட்டிய நெக்கர்சுல்ம் ஆலை பக்கத்து ஊர். என் கார் 1986 மாடல். இங்கே சொல்லப்போவது அந்தக் காரில் என் கையால் செய்த வேலைகள், செய்த வரிசையில். சில இடங்களில் நான் தவறான வரிசையில் செய்து, திரும்ப வந்து சரிசெய்தேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கே போய் நிற்கப் போகிறோம்

1985-இல் வந்த 944 டர்போவில் இருப்பது 2479 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். கம்ப்ரஷன் 8.0:1. திறன் 220 குதிரைத்திறன், டார்க் 330 நியூட்டன் மீட்டர். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 220 வரும்படி போர்ஷே இதை அமைத்தது. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. கேட்டைக் கழற்றினால் திறன் கூடும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

1988-இல் போர்ஷேயே இந்தக் காரை மேம்படுத்தி டர்போ எஸ் என்று விற்றது. 250 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. மாறியது டர்போ: கேகேகே நிறுவனத்தின் கே26/6 இருந்த இடத்தில் டர்பைன் பக்கம் பெரிதான கே26/8. கூடவே எஞ்சின் கணினியின் நிரல், 928 எஸ்4-இலிருந்து வந்த பெரிய முன் பிரேக், விறைப்பான சஸ்பென்ஷன், லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், கியர்பெட்டிக்குத் தனி ஆயில் கூலர். 1989 மாடலிலிருந்து எல்லா 944 டர்போவும் இந்த அமைப்பில்தான் வந்தன.

இதைவிட நல்ல வழிகாட்டி வீட்டில் வேலை செய்பவருக்குக் கிடைக்காது. காரை வடிவமைத்தவர்களே "இந்த எஞ்சின் இவ்வளவு தாங்கும், ஆனால் கூடவே இதையெல்லாம் மாற்ற வேண்டும்" என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 350, 400 குதிரைத்திறன் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அது வேறு வேலை: எஞ்சினை இறக்கி, ஹெட்டைத் திறந்து செய்வது. இந்த வழிகாட்டி 250-இல் நிற்கிறது.

காகித வேலை முதலில்

ஜெர்மனியில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். முதல் பதிவிலிருந்து 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் இருக்கும் காருக்கு எண் தகட்டின் கடைசியில் எச் எழுத்து கிடைக்கும். ஆண்டு வரி 191 யூரோ மட்டும். காரின் முதல் பத்து ஆண்டுகளில் வழக்கத்தில் இருந்த மாற்றங்களை அந்த எச் அனுமதிக்கும். டர்போ எஸ் பாகங்கள் அதற்குள் அழகாக அடங்கும். இன்று சந்தைக்கு வந்த மின்னணு பாகங்கள் அடங்குமா என்பது பரிசோதகரின் முடிவு.

திறனையோ, புகையையோ, சத்தத்தையோ மாற்றிவிட்டுப் பதிவு செய்யாமல் ஓட்டினால் காரின் சாலை அனுமதியே செல்லாமல் போகலாம். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஆகவே பாகம் வாங்குவதற்கு முன்பே, செய்யப்போகும் மாற்றங்களை ஒரு தாளில் எழுதி, டூஃப் (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) பரிசோதகரிடம் நேரில் பேசுங்கள். நான் பேசியபோது அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, எதற்கு என்ன சான்று வேண்டும் என்று சொன்னார். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

படி 1: எஞ்சினின் உடல்நிலை

இந்தக் கார்களுக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது ஆகிவிட்டது. முதலில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழன்று, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிபட்டு இருக்க வேண்டும். எரிபொருளும் தீப்பொறியும் வராதபடி டிஎம்இ (எஞ்சின் கணினி) ரிலேயைப் பிடுங்கி வையுங்கள். அளவு என்ன என்பதைவிட நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) செய்யுங்கள். காற்று எங்கே தப்புகிறது என்று காதால் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், எக்ஸாஸ்டில் சீறினால் வால்வு, கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, ஏற்றினால் இந்த எஞ்சினில் முதலில் தோற்பது அதுதான். பலவீனமான கேஸ்கெட்டின் மேல் கூடுதல் அழுத்தம் ஏற்றுவது, விரிசல் விட்ட குடத்தில் இன்னும் நீர் ஊற்றுவது போல.

படி 2: ரப்பர் அனைத்தும்

எரிபொருள் ஹோஸ்கள் முதலில். எஞ்சின் மேல் ஓடும் உயர் அழுத்த ஹோஸ்கள் பழசாகி, இணைப்புகளில் கசிய ஆரம்பிக்கும். கீழே சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட். இந்தக் கார்கள் எரிந்துபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

அடுத்து வேக்யூம் ஹோஸ்கள். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் அடியில் நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடக்கும். நாற்பது ஆண்டு வெப்பத்தில் அவை மிட்டாய் போல நொறுங்கும். எது எங்கே போகிறது என்று பல கோணங்களில் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சின்ன டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பிறகு ஒன்றொன்றாகக் கழற்றி, அதே நீளத்தில் சிலிகான் ஹோஸ் வெட்டி மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொழிற்சாலை வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன்.

இந்த வேலையின்போது ஒன்றை உற்றுப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் வேஸ்ட்கேட்டுக்கு (எக்ஸாஸ்டைத் திருப்பிவிட்டு பூஸ்ட்டை மட்டுப்படுத்தும் வால்வு) போகும் சிறு ஹோஸில் எதையாவது செருகியிருக்கலாம், குழாயைச் சுருக்கியிருக்கலாம், ஒரு திருகு வால்வை ஒளித்து வைத்திருக்கலாம். காசு செலவில்லாமல் பூஸ்ட் ஏற்றும் பழைய தந்திரங்கள் இவை. என் காரில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருந்தது. அதை எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி எல்லாவற்றையும் திருப்பிய பிறகுதான் என் எஞ்சினின் உண்மையான நிலை தெரிந்தது. எங்கிருந்து கிளம்புகிறோம் என்று தெரியாமல் அளந்து என்ன பயன்?

ஏர் ஃப்ளோ மீட்டரிலிருந்து டர்போவுக்கு வளைந்து போகும் ரப்பர் குழாயையும் கையால் மடக்கிப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து, மடிப்புகளின் உட்புறம் வெடித்திருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு கசிவுச் சோதனை. அந்த ரப்பர் குழாயின் வாயை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் 0.5 பார் வரை மெதுவாகக் காற்று விடுங்கள். சோப்பு நீரை எல்லா இணைப்புகளிலும் தெளியுங்கள். இன்டர்கூலரின் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) இரண்டு முனைகள், த்ராட்டில் உடல், இஞ்செக்டர் சீல்கள், ஆயில் டிப்ஸ்டிக் வாய் என்று எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே வேலை இருக்கிறது. என் காரில் ஆறு இடத்தில் பொங்கியது. அந்த ஆறையும் அடைத்ததிலேயே கார் வேறு காராகிவிட்டது, ஒரு பைசா பூஸ்ட் ஏற்றாமலேயே.

படி 3: பெல்ட்கள்

இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோரும் பயப்படும் வேலை. பயம் நியாயமானதுதான். டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையும். ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. ஆனால் பொறுமையாகச் செய்தால் இது வீட்டில் செய்யக்கூடியதே.

முன்பக்கம் இரண்டு பெல்ட்கள். ஒன்று கேம்ஷாஃப்டையும் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுவது. இன்னொன்று பேலன்ஸ் ஷாஃப்ட்களுக்கு. ஒவ்வொரு சிலிண்டரும் 600 சிசிக்கு மேல் இருப்பதால் இந்த எஞ்சின் இயல்பாகவே அதிரும். அதை அடக்க, மிட்சுபிஷியின் காப்புரிமையின்படி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களை கிராங்கின் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுழல வைத்தார்கள்.

பெல்ட்டைத் தொடும்போதே இரண்டு பெல்ட், எல்லா ரோலர், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் அனைத்தையும் மாற்றுங்கள். பழைய ரோலரின் மேல் புது பெல்ட் மாட்டுவது மிச்சம் பிடிப்பதல்ல.

1. பேட்டரியைக் கழற்றுங்கள். காரை ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கூலன்டை வடித்து, ஃபேன்களையும் வெளிப் பெல்ட்களையும் எடுத்துவிட்டால் முன்னால் இடம் கிடைக்கும்.

2. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, கடிகாரத் திசையில் மட்டும் சுற்றி, முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெல் ஹவுஸிங்கின் ஜன்னல் வழியாக ஃப்ளைவீலில் ஓ-டி என்ற குறி தெரியும். அதே நேரத்தில் கேம் பல்சக்கரத்தின் குறியும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இன்னொரு சுற்று.

3. ஃப்ளைவீலைப் பூட்டும் கருவியை மாட்டிய பிறகே கிராங்க் போல்ட்டைத் தளர்த்துங்கள். திரும்ப முறுக்கும்போது 210 நியூட்டன் மீட்டர். பெரிய டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது அளந்து முறுக்குங்கள்.

4. பேலன்ஸ் பெல்ட், பிறகு டைமிங் பெல்ட். ரோலர், பம்ப், சீல் வேலைகளை முடித்து, எல்லாக் குறிகளும் பொருந்தியபடி புதுப் பெல்ட்களை மாட்டுங்கள்.

5. இறுக்கம். ஆரம்பகாலக் கார்களில் இதை அளக்க போர்ஷேயின் பி9201 என்ற கருவி வேண்டும். விலை அதிகம், ஆனால் 944 வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் இரவல் தருவார்கள். பிந்தைய கார்களில் ஸ்பிரிங் டென்ஷனர் உண்டு. அது தானாகவே எப்போதும் இறுக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நட்டைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் இறுக்கத்தை அமைக்கும். நட்டை முறுக்கியதும் அது அப்படியே நிற்கும். எஞ்சின் குளிர்ந்த நிலையில், பணிமனைக் கையேடு சொல்லும் கிராங்க் நிலையில்தான் அளக்க வேண்டும்.

6. கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கல் போல முட்டினால் நிறுத்துங்கள். குறிகளைத் திரும்பப் பாருங்கள்.

கேம் பெல்ட் ஒரு பல் தவறினால் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும். பேலன்ஸ் ஷாஃப்ட் ஒரு பல் தவறினால் எதுவும் உடையாது, கார் மட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும். என் காரை வாங்கியபோது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் இருந்தது. எஞ்சின் மவுண்ட் போய்விட்டது என்று நினைத்து புது மவுண்ட் வாங்கிப் போட்டேன். நடுக்கம் போகவில்லை. பெல்ட்டைத் திறந்தபோதுதான் முன்பு ஏதோ ஒரு பட்டறையில் கீழ் ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது தெரிந்தது. சரிசெய்து ஓட்டிய அன்று இந்த எஞ்சின் எவ்வளவு மென்மையானது என்று முதன்முதலாகப் புரிந்தது.

கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டரைச் சூட்டில் வைத்து, எஞ்சினின் முன்பக்கம் நீர்க்குழாய் வாயில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் நீர் வரும்வரை விடுங்கள்.

படி 4: இரண்டாம் ராட் பேரிங்

944 எஞ்சின் சாகும் வழிகளில் இதுவும் ஒன்று: இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங் உருகிப் போவது. நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அந்தப் பேரிங்குக்குப் பட்டினி வருகிறது. ஆயில் அளவு குறைவாக இருந்தால் நிச்சயம் வரும்.

நல்ல சேதி, எஞ்சினைக் காரிலிருந்து இறக்காமலே பேரிங்கை மாற்றலாம். எஞ்சினை மேலிருந்து ஒரு தாங்கு கம்பியில் தொங்கவிட்டு, முன் கிராஸ்மெம்பரையும் ஸ்டியரிங் ரேக்கையும் இறக்கினால் ஆயில் தட்டு வெளியே வரும். முதல்முறை செய்பவருக்கு இரண்டு வாரக் கடைசிகள் ஆகும். பழைய பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள். மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் சரியான நேரத்தில் திறந்திருக்கிறீர்கள். கிராங்கில் நகம் மாட்டும் கோடு இருந்தால் கதை முடிந்தது, எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். இடைவெளியை பிளாஸ்டிகேஜ் நூலால் அளந்து, புதிய ராட் போல்ட்களோடு மூடுங்கள்.

மூடிய பிறகு டிஎம்இ ரிலேயை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். அப்புறம்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். நான் ஊற்றுவது 15டபிள்யூ-50 சிந்தெடிக். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டிப்ஸ்டிக்கை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பார்க்கிறேன்.

படி 5: மின்சாரம், சுருக்கமாக

டிஎம்இ ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டு, கார் நடுவழியில் நிற்கும். புதிது ஒன்று மாட்டி, இன்னொன்றை டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். பெல் ஹவுஸிங்கின் மேல் இருக்கும் இரண்டு சென்சார்களின் கனெக்டர்கள் தொட்டால் உடையும். இரண்டையும் மாற்றி, ஃப்ளைவீலிலிருந்து 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பூமி இணைப்புகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள்.

எஞ்சினை அணைத்ததும் ஒரு சின்ன மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அது டர்போவின் பேரிங் வீட்டுக்கு நீர் சுற்றவிடும் மின்சார பம்ப். ஓடாவிட்டால் டர்போவுக்குள் ஆயில் வெந்து கரியாகும். சத்தம் இல்லாவிட்டால் முதலில் ஃப்யூஸ், பிறகு பம்ப்.

படி 6: நிற்கும் சக்தி

அசல் டர்போவின் பிரெம்போ நான்கு பிஸ்டன் காலிப்பர்களே நல்ல பிரேக். அவற்றின் நோய் ஒன்றுதான்: அலுமினியம் துருப்பிடித்துப் பொங்கி, பேட் சரியும் எஃகுத் தகடுகளைத் தூக்கிவிடும். பேட் இறுகி நிற்கும், பிரேக் மரத்துப்போன மாதிரி இருக்கும். தகடுகளைக் கழற்றி, அடியிலுள்ள வெள்ளைப் பொடியைச் சுரண்டி, திருகு துளைகளைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுங்கள். புதிய ஹோஸ், புதிய டாட் 4 திரவம், நல்ல பேட். சாலையில் 250 குதிரைத்திறனுக்கு எனக்கு இது போதுமானதாக இருந்தது. டர்போ எஸ் முன் பிரேக் வேண்டுமென்றால் காலிப்பரை மட்டும் வாங்காமல், டிஸ்க், ஸ்பிண்டில் எல்லாம் சேர்த்து ஒரே காரிலிருந்து வாங்குங்கள்.

வீல் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 1986 மாடலுக்கும் 1987 முதலான மாடல்களுக்கும் ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) வேறு. எஸ் காரின் அழகான ஃபோர்ஜ்டு வீலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, 1986 காரில் மாட்டினால் வீல் உள்ளே ஒடுங்கிப் போகும். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதிலும் நிதானம் வேண்டும். அலுமினியக் கன்ட்ரோல் ஆர்ம்களின் பால் ஜாயின்ட், கார் அதிகம் தாழ்ந்தால் எல்லையில் முட்டி உடையக்கூடும். என் காரை நான் அசல் உயரத்திலேயே விட்டிருக்கிறேன்.

படி 7: அளவைகள்

இப்போதுதான் திறன் பக்கம் வருகிறோம். ஆனால் இன்னும் எதையும் ஏற்றவில்லை.

டேஷ்போர்டில் இருக்கும் பூஸ்ட் முள் முழு அழுத்தத்தைக் காட்டுகிறது, வளிமண்டலத்தையும் சேர்த்து. எஞ்சின் அணைந்திருக்கும்போது 1-இல் நிற்பது அதனால்தான். அது 1.75 காட்டினால் பூஸ்ட் 0.75 பார், அசல் காரின் உச்சம் அது. இதைத் தெரியாமல், "என் கார் 1.7 பார் ஓடுகிறது" என்று நம்பியவர்களைச் சந்தித்திருக்கிறேன். தனியாக ஒரு நல்ல பூஸ்ட் மீட்டர் பொருத்துங்கள், நேராக மேனிஃபோல்டிலிருந்து.

அதைவிட முக்கியம் வைட்பேண்ட் லாம்டா, காற்று-எரிபொருள் கலவையை எண்ணாகச் சொல்லும் சென்சார்: 1 என்றால் சமநிலை, அதற்குக் கீழே எரிபொருள் அதிகம். காரின் சொந்த லாம்டா சென்சாருக்கு, கலவை சமநிலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டுமே தெரியும். முழு பூஸ்ட்டில் எரிபொருள் போதுகிறதா என்று அது சொல்லாது. எக்ஸாஸ்டில் கேட்டுக்கு முன்னால் ஒரு நட்டை வெல்ட் செய்து வைட்பேண்டைப் பொருத்துங்கள். மூன்றாவது அளவை இன்டர்கூலருக்குப் பின் காற்றின் வெப்பம்.

இவற்றோடு அசல் அமைப்பில் ஒரு டைனோ (திறனை அளக்கும் மேடை) ஓட்டம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதில் 190 குதிரைத்திறன்தான் வந்தால் உங்களுக்கு வேண்டியது பூஸ்ட் அல்ல, படி 1-உம் 2-உம்.

படி 8: எரிபொருள், நிரல், பூஸ்ட்

பூஸ்ட்டை ஏற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். 0.75 பாரிலிருந்து 1 பாருக்கு ஏற்றினால் முழு அழுத்தம் 1.75-இலிருந்து 2.0 ஆகிறது. அதாவது 14 சதவீதம் கூடுதல் காற்று. அதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். 20 டிகிரி காற்றை 0.75 பாருக்கு அமுக்கும்போது, கம்ப்ரஸரின் திறமை 70 சதவீதம் என்று வைத்தால், டர்போவை விட்டு வரும் காற்று 90 டிகிரிக்குச் சற்று மேல். 1 பாரில் அது 110-ஐத் தாண்டும். இன்டர்கூலர் பெரும்பகுதியைக் குறைக்கும், முழுவதையும் அல்ல. பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே, சிலிண்டரின் மூலையில் மிச்சமிருக்கும் சூடான கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டனைத் தின்பது அதுதான்.

போர்ஷே இதற்காக இரண்டு கணினிகளை வைத்தது. டிஎம்இ எரிபொருளையும் பற்றவைப்பையும் கவனிக்கிறது. கேஎல்ஆர் ஒரு சென்சார் மூலம் நாக்கிங்கைக் கேட்டு, பற்றவைப்பைத் தாமதப்படுத்துகிறது. அதற்கும் அடங்காவிட்டால் பூஸ்ட்டைக் குறைக்கிறது. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் அழுத்தத்தைத் தட்டித்தட்டி அளவிடும் ஒரு மின் வால்வு கேஎல்ஆரின் கை. 1985-இல் ஒரு தெருக்காரில் இது பெரிய சாதனை.

சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் கைத்திருகு பூஸ்ட் கன்ட்ரோலர் இந்தக் கையை வெட்டிவிடுகிறது. எஞ்சின் தட்டும், கேஎல்ஆர் அதைக் கேட்கும், ஆனால் பூஸ்ட்டைக் குறைக்க அதற்கு வழி இருக்காது. என் காரில் கண்டெடுத்த அந்தப் பித்தளைத் திருகு இதைத்தான் செய்துகொண்டிருந்தது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது, டிஎம்இ, கேஎல்ஆர் இரண்டுக்கும் ஒரே கையால் எழுதப்பட்ட ஜோடி நிரல் சிப்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பூஸ்ட்டைச் சொல்வது ஒன்று, எரிபொருளைச் சொல்வது மற்றொன்று. சிப் எழுதுபவரிடம் எரிபொருள் அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 2.5 பார் ரெகுலேட்டரை 3 பாருக்கு மாற்றினால் அதே இஞ்செக்டர் சுமார் 9.5 சதவீதம் கூடுதலாகத் தரும், ஏனென்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஆனால் சிப் அதற்காக எழுதப்படாவிட்டால் கார் எல்லா இடத்திலும் பெட்ரோலைக் கொட்டும்.

வரிசை இதுதான்: புதிய பிளக், இடைவெளி 0.7 மில்லிமீட்டர். தொட்டியில் 98 ஆக்டேன். ரெகுலேட்டர். சிப் ஜோடி. முதல் ஓட்டத்தில் முழு மிதி வேண்டாம். பாதி பூஸ்ட்டில் வைட்பேண்டைப் பாருங்கள். பிறகு டைனோவில் படிப்படியாக. முழு பூஸ்ட்டில் லாம்டா 0.80-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 0.85-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள், ஃபில்டர், பம்ப், இஞ்செக்டர் என்று காரணத்தைத் தேடுங்கள். கண்ணுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்வது நல்லது. எனக்கு என் மைத்துனர் மீட்டர்களைப் படித்துச் சொன்னார்.

என் காரில் 0.9 பாரில் நிறுத்தினேன். 1 பாரைத் தாண்ட நினைத்தால் ஹெட் கேஸ்கெட்டை அகல நெருப்பு வளையம் கொண்டதாக மாற்றாமல் போகாதீர்கள்.

பூஸ்ட் 4500 சுற்றில் நன்றாக ஏறி, 6000-இல் சரிந்தால் வேஸ்ட்கேட் தளர்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் அழுத்தம் அதைத் தள்ளித் திறக்கிறது. ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் மாற்றுங்கள், அல்லது இரண்டு பக்கமும் அழுத்தம் ஏற்கும் வேஸ்ட்கேட் பொருத்துங்கள்.

படி 9: கே26/8

உங்கள் டர்போவின் அச்சை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆயில் கக்காமல், பிளேடு சுவரில் உரசாமல் இருந்தால் அதை அப்படியே விடலாம். கே26/6 கீழ்ச் சுற்றிலேயே விழித்துக்கொள்ளும், மேலே மூச்சு வாங்கும். கே26/8 நேர்மாறு. மலைச்சாலையில் ஓட்டுபவருக்கு முதலாவது இனிமை, ஆட்டோபானில் ஓட்டுபவருக்கு இரண்டாவது. டர்போவை எப்படியும் புதுப்பிக்க வேண்டியிருந்தால் எஸ் ஹவுஸிங்கோடு புதுப்பியுங்கள், அதற்கான சிப்பையும் போடுங்கள். தொழிற்சாலை சொன்ன 250 வருவது இந்த ஜோடியில்தான்.

மாட்டும்போது ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய், நீர் ஹோஸ்கள், டர்போ மவுண்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். திரும்ப அங்கே கையை விட யாருக்கும் ஆசை வராது. மாட்டி முடித்து, எஞ்சினை இயக்கும் முன் டர்போவின் ஆயில் வாயில் சிறிது ஆயில் ஊற்றி, அச்சைக் கையால் சுற்றுங்கள்.

முதல் 3000 கிலோமீட்டர்

முதல் நூறு கிலோமீட்டரில் எல்லாக் கிளிப்புகளையும் ஒருமுறை முறுக்குங்கள், சூட்டில் அவை தளரும். 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை ஒரு வெள்ளைத் துணியில் பிழிந்து பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் காரை நிறுத்திவிட்டு ஆயில் தட்டைத் திறங்கள். கையால் இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் 3000 கிலோமீட்டரில் பெல்ட் இறுக்கத்தைத் திரும்ப அளக்க வேண்டும், எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்த பிறகு. நான் அதை சனிக்கிழமை காலையில், கராஜ் கதவைத் திறந்தவுடன், சாவியைத் தொடும் முன்பே செய்துவிடுவேன்.